கடலோர வீட்டு ரிப்பேருக்கு எஸ்டிமேட் வாங்கி ஒப்பிடுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்கான முழுமையான வழிகாட்டி

தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் கடற்கரையில் எந்த ஊரில் பழைய கான்கிரீட் வீட்டுக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. குளியலறை சீலிங்கிலோ, கடலைப் பார்த்த சன்ஷேடுக்கு அடியிலோ காரை பெயர்ந்து கம்பி பல்லிளித்துக்கொண்டிருக்கும். சரி செய்யலாம் என்று மூன்று பேரைக் கூப்பிட்டால் மூவரும் மூன்று தொகை சொல்வார்கள். குறைந்ததற்கும் கூடியதற்கும் நடுவே ஐம்பது அறுபதாயிரம் இடைவெளி இருக்கும். கூடச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது ஏமாற்று இல்லை. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் மேலே பூசி மூடுவதற்கு, ஒருவர் துருவை எடுத்துச் சரிசெய்வதற்கு, இன்னொருவர் பாதி வேலையை உங்கள் தலையில் விட்டு மீதிக்கு. மூன்றையும் ஒரே வேலையாக ஆக்கிய பிறகுதான் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். சீலிங் ரிப்பேரையும் மொட்டைமாடி ஒழுக்கையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். குளியலறை கட்டுவது, போர்டிகோ போடுவது எல்லாவற்றுக்கும் முறை இதேதான்.

1. ஆளைக் கூப்பிடுமுன் வீட்டை நீங்களே பாருங்கள்

ஒரு சின்னச் சுத்தியலோ கெட்டியான கட்டையோ போதும். ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கை அரையடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும். காரை விட்டுப்போன இடம் ‘டொப்’ என்று பொள்ளலாகக் கேட்கும். கீழக்கரையில் ஒரு வீட்டில் கொத்தனார் இப்படித் தட்டிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை ஒரு முறம் அளவுதான். “அக்கா, வெளியில தெரியறது இவ்வளவுதான். உள்ள அந்த ஃபேன் கொக்கி வரைக்கும் ஓடியிருக்கு, கேளுங்க” என்று தட்டிக்கொண்டே போனார். “அப்ப சாக்பீஸால கோடு போட்டு வச்சிருங்க தம்பி. வர்றவங்க எல்லாருக்கும் இதையேதான் காட்டணும்” என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் கேட்ட அந்தச் சாக்பீஸ் கோடு எஸ்டிமேட் ஒப்பிடுவதில் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

கோட்டுக்குள் இருக்கும் பரப்பை டேப் வைத்து அளந்து சதுர அடியில் எழுதுங்கள். மொத்த சீலிங் எவ்வளவு, பொள்ளல் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும் இடம், கைப்பிடிச் சுவர் அடியில் விரிசல், தட்டோடு பெயர்ந்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பெயர்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது. கம்பிக்குக் கீழே கான்கிரீட் கனம் குறைவாக இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிப் பெரிதாகி, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. அதனால் துருவை விட்டுவிட்டு மேலே எவ்வளவு நல்ல பூச்சுப் பூசினாலும் மறுபடி பெயரும். பாம்பன் கடலின் உப்புக் காற்று எவ்வளவு கடுமையானது என்று ரயில்வேக்கே தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகும், பாலிசிலோக்சேன் என்ற விசேஷப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பீமிலோ தூணிலோ நெடுக்காக விரிசல் ஓடியிருந்தால், தளம் தொய்ந்திருந்தால், கான்ட்ராக்டரைக் கூப்பிடாதீர்கள். முதலில் கட்டடப் பொறியாளர் ஒருவரைத் தனியாகக் கட்டணம் கொடுத்து வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலையை எடுக்கப்போகிறவரும் நோயைச் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருப்பது நல்லதில்லை.

2. ஒரு பக்கத்தில் வேலையை எழுதுங்கள்

வருகிறவரிடம் “பார்த்து ஒரு எஸ்டிமேட் கொடுங்க” என்று சொன்னால் அவரவர் மனசில் இருக்கும் வேலைக்கு எழுதுவார்கள். அதற்குப் பதில் நீங்களே எழுதி, எல்லோர் கையிலும் ஒரே தாளைக் கொடுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்:

“சீலிங் மொத்தம் 400 சதுர அடி. கோடு போட்ட பொள்ளல் பகுதி 120 சதுர அடி. அந்தப் பகுதியில் கெட்டுப்போன கான்கிரீட்டை, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் இடைவெளி வரும்படி கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்பு பிரஷ் அல்லது மெஷினால் பளபளப்பு வரும்வரை சுத்தம் செய்து, ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். பாலிமர் கலந்த கலவையால் அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பிறகு பூச்சு, பட்டி, பெயிண்ட். மொட்டைமாடி 600 சதுர அடி: பழைய தட்டோடு எடுத்து, வாட்டம் சரிசெய்து, வாட்டர் புரூஃப் செய்து, புதுத் தட்டோடு பதிக்க வேண்டும். தண்ணீர், சாரம், இடிபாடு அகற்றுவது யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட் வேண்டும்.”

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ‘தேவைக்கேற்ப’, ‘மற்ற வேலைகள் லம்ப்சம்’ என்று வரும் எஸ்டிமேட்டை எதனோடும் ஒப்பிட முடியாது.

3. யாரைக் கேட்பது

மூன்று பேர் போதும். நாலுக்கு மேல் போனால் குழப்பம்தான். உள்ளூர் மேஸ்திரி ஒருவர், ராமநாதபுரம் டவுனிலிருந்து வேலை எடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர், ரிப்பேர் வேலையை மட்டுமே செய்கிறவர் ஒருவர் என்று கலந்திருந்தால் நல்லது. ஒரே ஆள் மூலமாக மூவரும் வந்தால் அது மூன்று எஸ்டிமேட் ஆகாது.

ஒவ்வொருவரிடமும் கடலுக்குப் பக்கத்தில், மூன்று நாலு மழைக்காலம் தாண்டிய அவருடைய பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வேலை எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் செய்த வேலையை வைத்தும் கடலோர வேலையை எடைபோட முடியாது.

ராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் பாம்பன் ரோட்டுப் பாலம் தாண்டி லாரியில் வர வேண்டும். எஸ்டிமேட்டில் இருக்கும் பொருள் விலை வீட்டு வாசல் விலையா, கடை விலையா என்று கேட்டுவிடுங்கள்.

4. எஸ்டிமேட்டை வரிவரியாகப் படிப்பது

முதலில் அளவு. சாக்பீஸ் கோட்டுக்குள் நீங்கள் அளந்தது 120 என்றால், ஒருவர் 90 என்றும் இன்னொருவர் 160 என்றும் ஏன் எழுதினார் என்று கேளுங்கள். சுவர்ப் பூச்சில் கதவு, ஜன்னலைக் கழித்தார்களா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இந்தியத் தர நிர்ணய அளவு முறைப்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு முகத்துக்கு மட்டும் கழிப்பார்கள். மூன்றடிக்கு ஏழடிக் கதவு இதில்தான் வரும். அதை இருபுறமும் கழிக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

அடுத்து தண்ணீர். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் முக்கியத்துவம் கொடுப்பேன். பல எஸ்டிமேட்டில் தண்ணீர் என்ற சொல்லே இருக்காது. ‘வீட்டு போர்வெல்லில் எடுத்துக்கொள்வோம்’ என்பது அதன் அர்த்தம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கடலோர போர் தண்ணீர் பல இடங்களில் இதைத் தாண்டிவிடும். நாக்கில் வைத்துப் பார்ப்பதை நம்பாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துவிடலாம். தேறவில்லை என்றால் நல்ல தண்ணீர் லாரிக்கான செலவு எஸ்டிமேட்டுக்குள் வர வேண்டும், கலவைக்கு மட்டுமில்லை, பூசிய பிறகு நனைப்பதற்கும் சேர்த்து. நல்ல தண்ணீரில் கலவை போட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் நனைத்தால் வெளியே போன உப்பைத் திரும்ப உள்ளே அழைத்ததாகிவிடும்.

மணலில், கடற்கரை மணலோ முகத்துவார மணலோ ஒரு சட்டிகூடச் சேராது என்று எழுதி வாங்குங்கள். பூச்சுக்கு பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் என்று தனித்தனியாக இருக்கட்டும்.

சிமெண்டில் பிராண்டைவிட வகை முக்கியம். உப்புக் காற்றைத் தாங்குவதற்குச் நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி.யும், இரும்பு ஆலைக் கசடான ஸ்லாக் கலந்த பி.எஸ்.சி.யும் சாதாரண ஓ.பி.சி.யைவிட நல்லவை. ‘கடலோரம்னா எஸ்.ஆர்.சி. போடணும்’ என்று சிலர் சொல்வதுண்டு. அது சல்ஃபேட்டைத் தாங்கும் சிமெண்ட். நம் பிரச்சினை குளோரைடு, அதற்கு அது சரியான மருந்தில்லை. மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை இறக்கவிடாதீர்கள்.

புதிதாகத் தளம் ஏதாவது போடுவதாக இருந்தால் கம்பிக்குக் கீழே வைக்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். உள்நாட்டில் சாதாரணச் சூழலுக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடற்கரைச் சூழலுக்கு நேராகத் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்கு அதே ஐ.எஸ். 456, 45 மில்லிமீட்டரும் எம் 30 தர கான்கிரீட்டும் கேட்கிறது. எஸ்டிமேட்டில் ‘எம் 20’ என்றிருந்தால் அவர் மதுரைக்கு எழுதிய தாளையே உங்களுக்கும் கொடுத்திருக்கிறார். கம்பியை எடைக்கணக்கில் கேளுங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 10 மில்லிமீட்டர் கம்பி ஒன்று சுமார் 7.4 கிலோ, 8 மில்லிமீட்டர் சுமார் 4.7 கிலோ. எத்தனை கம்பி இறங்கியது என்று எண்ணினால் எடை சரியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். புதுக் கம்பிக்குக் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய சிமெண்ட் பாலிமர் பூச்சு போன்ற துருத்தடுப்புப் பூச்சு உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கைப்பிடிக் கம்பிக்கு வெறும் ‘எஸ்.எஸ். ரெய்லிங்’ என்று எழுதியிருந்தால் கிரேடு கேளுங்கள். 202 கடல் காற்றில் சீக்கிரம் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும், 304 பரவாயில்லை, கடலைப் பார்த்த பக்கத்துக்கு 316தான் சரி. 202-ஐயும் 304-ஐயும் காந்தம் வைத்துப் பிரித்தறிய முடியாது, அதனால் பில்லில் கிரேடு இருக்க வேண்டும்.

வரியும் ஒரு வரிதான். பதிவு செய்த கான்ட்ராக்டர் பொருளோடு செய்யும் ரிப்பேர் வேலைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார். ‘வரி தனி’ என்று அடியில் சின்னதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். பதிவு செய்யாத மேஸ்திரி வரி வாங்கக் கூடாது. வரி கேட்டால் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. மூன்றையும் ஒரே வேலையாக ஆக்குவது

ஒரு நோட்டில் இடப்பக்கம் வேலைகளை எழுதி, வலப்பக்கம் மூவருக்கும் மூன்று கட்டம் போடுங்கள். எஸ்டிமேட்டில் இல்லாத வேலைக்கு எதிரே சிவப்பு மையில் ‘இல்லை’ என்று எழுதி, அதை வெளியே செய்தால் என்ன ஆகும் என்ற தொகையைப் போடுங்கள். இங்கே நான் போடும் எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக மட்டும். சந்தை விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலாமவர் 1,15,000 ரூபாய் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார். விசாரித்தால் துரு எடுப்பது, பிரைமர், பாலிமர் கலவை இல்லை. கொத்திவிட்டுப் பூசுவது மட்டும். 120 சதுர அடிக்கு 350 ரூபாய் வீதம் 42,000 சேர்க்க வேண்டும். தண்ணீர் லாரி 6,000, இடிபாடு அள்ள 5,000, பட்டி பெயிண்ட் 8,800. ஆக 1,76,800.

இரண்டாமவர் 1,72,000. தண்ணீர், சாரம், பெயிண்ட் எல்லாம் உள்ளே. அவர் பதிவு செய்யாதவர் என்பதால் தனி வரி இல்லை.

மூன்றாமவர் 1,48,000, வரி தனி. 18 சதவீதம் 26,640. தண்ணீர் 6,000, சாரம் 7,000 நம் பொறுப்பு. ஆக 1,87,640.

பார்த்தவுடன் மிக அதிகமாகத் தெரிந்த இரண்டாமவர்தான் உண்மையில் குறைவு. முதலாமவர் விஷயத்தில் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். விடுபட்ட வேலையை நாம் பணத்தால் நிரப்பிக் கணக்குப் போட்டோம். அந்த வேலை அவருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. கம்பிக்குப் பின்னால் ஏன் கொத்த வேண்டும் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாதவரிடம் கூடுதல் பணம் கொடுத்தும் பயனில்லை.

6. கொத்தத் தொடங்கிய பிறகு கூடும் வேலை

ரிப்பேர் எஸ்டிமேட்டுக்கும் புது வீட்டு எஸ்டிமேட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. கொத்தத் தொடங்கினால் துரு கோட்டைத் தாண்டி ஓடியிருப்பது தெரியவரும். 120 சதுர அடி 180 ஆகலாம், 250 ஆகலாம். அப்போது சீலிங்கெல்லாம் திறந்து கிடக்க, கம்பி வெளியே தெரிய, பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அதனால் கூடுதல் ஒவ்வொரு சதுர அடிக்கும் என்ன ரேட் என்று இப்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

இரண்டாமவர் கூடுதலுக்கு 520 ரூபாய் கேட்கிறார், மூன்றாமவர் 340, வரி தனி, அதாவது ஏறக்குறைய 401 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதுர அடி கூடினால் இரண்டாமவர் 2,03,200, மூன்றாமவர் 2,11,712. இன்னும் இரண்டாமவர்தான் குறைவு. 120 கூடினால் 2,34,400-க்கு 2,35,784, கிட்டத்தட்ட சமம். 131-ஐத் தாண்டினால் மூன்றாமவர் மலிவு. ஆகவே சீலிங்கில் பொள்ளல் சத்தம் அங்கங்கே பரவலாகக் கேட்கும் வீட்டுக்குக் கூடுதல் ரேட் குறைவாக உள்ளவர் ஏற்றவர். ஒரே மூலையில் அடங்கியிருந்தால் மொத்தத் தொகை குறைவாக உள்ளவர் ஏற்றவர். எந்த வீடு உங்களுடையது என்பதைத் தட்டிப் பார்த்த உங்கள் காது சொல்லும்.

கூடுதல் அளவை இரு தரப்பும் சேர்ந்து, கலவை பூசுமுன் அளந்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் எழுதுங்கள். பூசிய பிறகு அளப்பதற்கு ஒன்றுமிருக்காது.

7. பேரம்

ஒருவர் ரேட்டை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். ‘அவர் இவ்வளவுக்குச் செய்றாராம்’ என்றால் இவரும் இறங்குவார். இறங்கிய தொகைக்கு எதை விட வேண்டுமோ அதை விடுவார், அது கண்ணுக்குத் தெரியாத பிரைமராகவோ பாலிமராகவோ இருக்கும். பட்ஜெட் போதவில்லை என்றால் வேலையின் அளவைக் குறையுங்கள். இந்த வருடம் ஒழுக்கையும் சீலிங்கையும் முடித்துவிட்டு, பெயிண்டை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். மாடி ஒழுக்கை நிறுத்தாமல் சீலிங்கை மட்டும் செய்வது வீண்.

காலமும் விலையோடு சேர்ந்ததுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாடி வேலை நடக்காது. தை முதல் ஆடிக்குள் முடிப்பதாகத் தேதி போட்டு வாங்குங்கள். ஆனால் கச்சான் காற்று (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் கலவை சட்டென்று காய்ந்துவிடும். கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். ஈரச் சாக்கு போடுவது யார், தண்ணீர் விடுவது யார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

8. பணமும் தாளும்

முன்பணம் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியை நாள்கணக்கில் தராமல் வேலைக்கணக்கில் தாருங்கள்: கொத்தி முடித்ததும் ஒரு பகுதி, கம்பிக்குப் பிரைமர் அடித்து நீங்கள் பார்த்ததும் ஒரு பகுதி, கலவை நிரப்பியதும் ஒரு பகுதி, பெயிண்டுக்குப் பின் ஒரு பகுதி. ஐந்து முதல் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதற்குச் சம்மதிக்கிறவர் தன் வேலையை நம்புகிறவர். இந்தச் சம்மதத்தையும் ஒப்பீட்டு நோட்டில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கத்தில் பல வீடுகளில் பணம் அனுப்புகிறவர் வளைகுடாவிலும் வேலையைப் பார்க்கிறவர் ஊரிலும் இருப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் வீடியோ வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். முக்கியமானவை இரண்டு: சுத்தம் செய்த கம்பியின் வீடியோ, பிரைமர் அடித்த கம்பியின் வீடியோ. இந்த இரண்டும் பூச்சுக்குள் மறைந்த பிறகு யாராலும் பார்க்க முடியாதவை. ஊரில் இருக்கும் அம்மாவோ அக்காவோ “சரி, பார்த்தாச்சு” என்று சொன்ன பிறகே அடுத்த பணம் போக வேண்டும்.

தேர்ந்தெடுத்தவரின் எஸ்டிமேட், நீங்கள் எழுதிய வேலைத்தாள், கூடுதல் ரேட், தவணை விவரம் நான்கையும் சேர்த்து இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். வேலை கிடைக்காத மற்ற இருவருக்கும் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். வெயிலில் வந்து ஏறி இறங்கி அளந்தவர்கள் அவர்கள். அடுத்து காம்பவுண்டுச் சுவரோ குளியலறையோ வரும்போது அவர்களைத்தான் கூப்பிடப்போகிறோம்.